கஞ்சி போட்ட இன்சுலின்

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓடும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை. காலையில் தறியை ஓட்டுவதற்கு முன் அவர் மெட்ஃபார்மின் மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார், அத்தோடு சரி. அந்த அம்மாவுக்கு அப்படியில்லை. பிரிட்ஜ் கதவில் கறிவேப்பிலைக்கும் மோர்ப் பாத்திரத்துக்கும் நடுவே இருக்கும் குப்பியை எடுக்க வேண்டும், சிரிஞ்சில் கோடு பார்த்து மருந்தை இழுக்க வேண்டும், வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்திக்கொள்ள வேண்டும். கரண்ட் போய்விட்டால் குப்பியைப் பற்றிய கவலை வேறு. “அவருக்கு மாத்திரை, எனக்கு மட்டும் ஊசியா? இதையும் மாத்திரையா செஞ்சா என்ன சிஸ்டர்?” என்று சுகாதார நிலையத்தில் அவர் கேட்டால், அது அறியாமையில் கேட்ட கேள்வி அல்ல. உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து விடை தேடிக்கொண்டிருப்பது இதே கேள்விக்குத்தான்.

கேட்பவர்களும் கொஞ்சம் பேர் இல்லை. 2023 ஜூனில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரையில் ஓட்டுகிறார்கள். மாத்திரை போதாமல் போனவர்களும், கணையம் இன்சுலினைச் சுரப்பதையே நிறுத்திவிட்ட முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளும் ஊசியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கனடாவின் டொரன்டோ நகரில் 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. மறு ஆண்டே பிரிட்டனில் இன்சுலினைச் சாராயக் கரைசலில் கலந்து வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக, ஊசியை ஒழிக்கும் ஆசைக்கும் ஊசிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

ஏன் முடியவில்லை? விடையில் பாதி நம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கிறது.

இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக் கருவும் புரதம், பருப்பிலும் புரதம். புரதம் எது உள்ளே வந்தாலும் அதைத் துண்டு துண்டாக வெட்டி உணவாக்குவதுதான் வயிற்றின் வேலை. வந்தது ஐம்பது பைசா பருப்பா, விலை உயர்ந்த மருந்தா என்று வயிறு பார்ப்பதில்லை. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் பாம்பு நஞ்சு எடுத்து, மாற்று மருந்து தயாரிக்கக் கொடுத்துவருகிறது. அந்த நஞ்சிலும் பெரும்பகுதி புரதம்தான். கடித்தால் ஆளைக் கொல்லும் அது, வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் செரித்துப்போய்விடும். (வாயிலோ குடலிலோ புண் இருந்தால் கதை வேறு, யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.) நஞ்சிலிருந்து நம்மைக் காக்கும் அதே ஏற்பாடுதான் இன்சுலினையும் அழிக்கிறது.

விடையின் மறுபாதி அளவில் இருக்கிறது. மெட்ஃபார்மின் மிகச் சிறிய மூலக்கூறு. இன்சுலின் அதைப்போல ஏறத்தாழ 45 மடங்கு எடை கொண்டது. 51 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த இரண்டு சரங்கள் அது: ஒன்றில் 21 மணி, மற்றதில் 30. கந்தக முடிச்சுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. மணிகளின் வரிசையை பிரிட்டனின் ஃபிரெடரிக் சாங்கர் 1950களில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றார். சரம் எப்படி மடிந்து உருண்டிருக்கிறது என்பதைக் காண விஞ்ஞானி டாரத்தி ஹாட்ஜ்கினுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1969இல் அந்த வடிவம் வெளியானபோது ஹாட்ஜ்கினின் ஆக்ஸ்ஃபோர்டு குழுவில் கேரளத்தைச் சேர்ந்த எம். விஜயன் இருந்தார், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வேரூன்றச் செய்தவர். இன்சுலின் வேலை செய்வது அந்த மடிப்பினால்தான். மணிகள் அத்தனையும் இருந்தும் மடிப்புக் குலைந்தால் அது மருந்தில்லை, பருப்பு.

விழுங்கிய இன்சுலின் ரத்தத்தை அடைய எத்தனை சுங்கச்சாவடி தாண்ட வேண்டும்? முதலில் எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பான இரைப்பை அமிலம். அதிலேயே பெப்சின் என்ற நொதி கத்தரியோடு நிற்கிறது. அங்கே தப்பினால் சிறுகுடலில் கணையம் அனுப்பிய டிரிப்சின், கைமோடிரிப்சின் என்ற வேறு கத்தரிகள். இன்சுலினைச் சுரப்பதும் கணையம், அதை வெட்டும் நொதிகளை அனுப்புவதும் அதே கணையம் என்பது இயற்கையின் வேடிக்கை. அதற்கும் அப்பால் குடல் சுவரை மூடியிருக்கும் கோழைப் படலம். வழுவழுப்பான ஒரு வலை. ஒட்டிய எதையும் சில மணி நேரத்தில் வழித்துக்கொண்டு போய்விடும். கடைசியாகச் சுவர்.

அந்தச் சுவர் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஒரே ஓர் அடுக்குச் செல்கள். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான பூச்சை இறுக்கிணைப்பு என்று சொல்லலாம். அதிலுள்ள இடைவெளி ஒரு நானோமீட்டர்கூட வராது. தனி இன்சுலின் மூலக்கூறின் குறுக்களவு இரண்டு மூன்று நானோமீட்டர். ஊசிக்காதை விடப் பெரிய நூல். குடலின் உட்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் அளந்து பார்த்துவிட்டு, செரிமானப் பாதை முழுவதையும் விரித்தாலும் சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். பாதி இறகுப்பந்து மைதானம்கூட இல்லை. ஆனாலும் கதவு பூட்டியிருக்கும்போது சுவர் எவ்வளவு நீளம் என்பதா பிரச்சினை?

இப்படி வாய்வழி போன மருந்தில் ரத்தத்தைச் சேரும் பங்கை ‘சென்றுசேர் விழுக்காடு’ என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். வெறும் இன்சுலினுக்கு அது ஒன்றைத் தாண்டுவதே அபூர்வம்.

இங்கே பொதட்டூர்பேட்டைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நெசவூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேலை, பாவுக்குக் கஞ்சி போடுவது. நெடுக்கே ஓடும் பாவு நூல் தறியில் விழுதிலும் அச்சிலும் ஆயிரக்கணக்கான தடவை உரசுகிறது. கஞ்சி போடாத நூல் பிசிறு கிளம்பி அறுந்துபோகும். அதனால் அரிசிக் கஞ்சியில் தோய்த்து, தெருவில் நீட்டி, ஆற்றி எடுப்பார்கள். விசைத்தறிக்கு வந்த பிறகு சைசிங் செய்த பீமாகவே வந்து இறங்குகிறது. வேலை ஒன்றுதான். கஞ்சி நூலின் பாகமல்ல, பயணத்துக்கான சட்டை. தறி முடியும்வரை தாங்க வேண்டும், அலசும்போது முழுசாகப் போய்விட வேண்டும். கெட்டியாகப் போட்டால் நூல் முறுக்கிக்கொண்டு ஒடியும். நீர்த்துப் போட்டால் காக்காது. எல்லாம் பதம்.

இன்சுலினுக்கும் அப்படி ஒரு கஞ்சி போட்டால்? நானோ துகள் ஆராய்ச்சியின் கரு இந்தக் கேள்விதான்.

அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்தே ஒரு பாலிமர். ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலிக்கு அந்தப் பெயர். பாடநூல்கள் பலபடி என்கின்றன. பல்லுறுப்பி என்பாரும் உண்டு. பாவில் ஓடும் பருத்தியின் செல்லுலோஸும் பலபடி, லுங்கியில் கலக்கும் பாலியெஸ்டரும் பலபடி. அந்த வகையில் பார்த்தால் பலபடியோடு பிழைப்பு நடத்தும் ஊர் அது.

இன்சுலினைப் போர்த்த ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த பலபடிகளில் சிலவற்றின் பூர்வீகம் சுவையானது. ஒன்று ஆல்ஜினேட். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கடற்கரையோர மக்கள் சேகரிக்கும் பழுப்புப் பாசியிலிருந்து கிடைப்பது. துணி அச்சிடுபவர்கள் சாயக் கூழைக் கெட்டிப்படுத்தவும் அதைத்தான் கலக்கிறார்கள். அமிலம் பட்டால் சுருங்கி இறுகும், அமிலம் குறைந்த இடத்தில் ஊதித் தளரும். இரைப்பையில் மூடியும் குடலில் திறந்தும் கொள்ளும் கதவுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்று கைட்டோசான். இறால், நண்டு ஓட்டைச் சுத்தம் செய்து காரத்தில் வேகவைத்து எடுப்பது. அதன் சங்கிலி நேர்மின்னூட்டம் கொண்டது, கோழைப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. எனவே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதோடு செல்களுக்கு நடுவே இருக்கும் இறுக்கிணைப்பைக் கொஞ்ச நேரம் தளர்த்தும் குணமும் கைட்டோசானுக்கு உண்டு. மூன்றாவது, லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் கோத்துச் செய்யும் செயற்கைப் பலபடி. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பிரிக்கத் தேவையில்லாமல் தானே கரையும் தையல் நூல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1970களிலிருந்து மனித உடலுக்குள் கரைந்துவரும் பொருள் என்பதால் அதன் பாதுகாப்பு பற்றி நிறையத் தெரியும்.

துகள் செய்யும் விதம் சமையலறையை நினைவூட்டும். பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதல்லவா? நேர்மின்னூட்டக் கைட்டோசான் கரைசலில் இன்சுலினைக் கலந்து, எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு பாஸ்பேட் உப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் சங்கிலிகள் ஒன்றையொன்று இழுத்துச் சுருண்டு நுண்ணிய உருண்டைகளாகும். இன்சுலின் உள்ளே மாட்டிக்கொள்ளும். கட்டி தட்டாது. தெளிந்த நீர், அரிசி களைந்த தண்ணீர் போல லேசாக வெளுக்கும். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது. சூடு இல்லை, நாசமாக்கும் கரைப்பான் இல்லை என்பதால் இன்சுலினின் மடிப்பும் குலைவதில்லை. ஸ்பெயினின் சாந்தியாகோ பல்கலைக்கழகத்தில் மரியா ஹோசே அலோன்சோவின் குழு 1997இல் வெளியிட்ட இந்த முறையை இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். கிடைக்கும் துகளின் குறுக்களவு பொதுவாக 100 முதல் 300 நானோமீட்டர். ஒரு பருத்தி இழையின் அகலத்தில் 150 நானோமீட்டர்த் துகள்களை அருகருகே வைத்தால் சுமார் நூறு நிற்கும்.

தமிழகத்துக்குப் பக்கத்திலேயே இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்த ஓர் இடம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம். செயற்கை இதய வால்வை இந்தியாவிலேயே உருவாக்கி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திய நிறுவனம் என்றால் பலருக்கும் நினைவு வரும். அங்கே சந்திர பி. சர்மாவும் எஸ். சஜீஷும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கஞ்சிப் பதத்தை எப்படியெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு நல்ல சான்று.

அவர்கள் இன்சுலினை நேராகத் துகளுக்குள் போடவில்லை. முதலில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற, மாவுச்சத்திலிருந்து பெறும் வளைய வடிவ மூலக்கூறோடு சேர்த்தார்கள். ஓலைக் கொட்டானின் உட்குழியில் பண்டம் உட்காருவதுபோல, இன்சுலினின் சில பகுதிகள் அந்த வளையத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகுதான் பாலிமெத்தாக்ரிலிக் அமிலம், கைட்டோசான், பாலிஎத்திலீன் கிளைகால் மூன்றும் சேர்ந்த துகளுக்குள் அடைத்தார்கள். மூன்றுக்கும் மூன்று வேலை. பாலிமெத்தாக்ரிலிக் அமிலம் இரைப்பைப் புளிப்பில் சுருங்கிக் கிடக்கும், குடலின் நடுநிலைச் சூழலில் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளி விரியும். கைட்டோசான் ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீன் கிளைகால் துகள்மேல் நீரை ஈர்த்து வைத்து வழுக்கும் தன்மை தரும். அதே கழகத்தில் எம்.ஆர். ரேகாவும் சர்மாவும் 2009இல் வேறு வழியில் போனார்கள். கைட்டோசான் சங்கிலியிலேயே கொழுப்பு வால்களையும் அமிலக் கைகளையும் ஒட்டவைத்து அதன் குணத்தை மாற்றினார்கள். அந்தத் துகளில் அடைத்த இன்சுலின், நீரிழிவு எலிகளின் சர்க்கரையைச் சில மணி நேரம் இறக்கிக் காட்டியது.

கைட்டோசானை ஏன் இப்படித் திருத்த வேண்டும்? அது அமிலத்தில் கரைந்துவிடும். காக்க வேண்டிய இடத்திலேயே கைவிடும். குடலின் கீழ்ப்பகுதியிலோ அதன் மின்னூட்டம் குன்றி, ஒட்டும் குணமும் தளர்த்தும் குணமும் போய்விடும். பட்டப்பகலில் விழித்திருந்து ராத்திரியில் தூங்கும் காவல்காரன் கதை.

சரி, துகள் இன்சுலினைக் காத்தது, குடலைத் தாண்டவும் வைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? அறிவியலின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. செய்தித்தாள்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

முதல் சோதனை கண்ணாடிக் குடுவையில். செயற்கை இரைப்பை நீரில் துகளை இரண்டு மணி நேரம் கலக்கி, எவ்வளவு இன்சுலின் கசிந்தது, எவ்வளவு வெட்டுப்பட்டது என்று அளப்பார்கள். பிறகு செயற்கைக் குடல் நீர். அடுத்து, காக்கோ-2 என்ற மனிதக் குடல் புற்றுநோய்ச் செல்கள். அவற்றை ஒரு துளைத்தாள்மேல் மூன்று வாரம் வளர்த்தால் ஒற்றையடுக்குக் குடல் சுவர் போல இறுகிக்கொள்ளும். மேலேயும் கீழேயும் மின்வாய் வைத்து மின்தடையை அளக்கலாம். துகளை விட்டதும் மின்தடை விழுந்தால் சுவரின் பூச்சு தளர்கிறது என்று பொருள். துகளைக் கழுவிய பின் தடை பழையபடி ஏறுகிறதா என்பது அதைவிட முக்கியம். ஏறாவிட்டால் சுவர் உடைந்துவிட்டது. அது மருந்தல்ல, காயம்.

இன்சுலினோடு ஒளிரும் சாயத்தை ஒட்டி, குடல் திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு. படம் அழகாக இருக்கும். ஆனால் சாயம் கழன்று தனியாக ஊடுருவியிருந்தாலும் அதே பச்சை ஒளிதான் தெரியும். எனவே படத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவதில்லை. கடைசியில் எலிதான். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளால் கணையச் செல்களை அழித்து நீரிழிவு வரவழைத்த எலிகள். ஒரு கூட்டத்துக்கு இன்சுலின் துகள், ஒன்றுக்கு வெறும் துகள், ஒன்றுக்கு வெறும் இன்சுலின் நீர், ஒன்றுக்கு ஊசி. வெறும் துகள் எதற்கு? பட்டினி போட்ட எலிக்குச் சர்க்கரை தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைக் கழிக்காவிட்டால் ஏமாந்துபோவோம். அதோடு ரத்தத்தில் மனித இன்சுலின் வந்திருக்கிறதா என்று தனியே அளக்க வேண்டும். சர்க்கரை இறங்கியது விளைவு. காரணம் இன்சுலின்தானா என்பதற்கு இந்த இரண்டாவது அளவுதான் சாட்சி.

இந்தத் துறைக்கே உற்சாகம் ஊட்டியது 1988இல் பிரான்சிலிருந்து கிறிஸ்டியான் தாம்ஜேயின் குழு வெளியிட்ட ஆய்வு. நொடியில் ஒட்டும் பசைக் குடும்பத்தைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பலபடியால் செய்த நுண்குமிழ்களில் இன்சுலினை அடைத்து நீரிழிவு எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சர்க்கரை பாதியாக இறங்கியது. அது மட்டுமா, அளவைப் பொறுத்து 6 நாள் முதல் 20 நாள்வரை அப்படியே இருந்தது. ஊசி இன்சுலின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுமே, இது எப்படி? குமிழ்கள் குடலைக் கடந்தபின் மெல்ல மெல்லக் கசிந்திருக்க வேண்டும் என்பது ஒரு விளக்கம். எப்படியிருந்தாலும், முடியவே முடியாது என்ற பேச்சு அன்றோடு நின்றது.

துகள் முழுசாகக் குடலைக் கடக்கிறதா, இன்சுலின் மட்டும் கழன்று போகிறதா என்ற தகராறு இன்னும் முழுக்க ஓயவில்லை. இறுக்கிணைப்பை எவ்வளவு தளர்த்தினாலும் 150 நானோமீட்டர்த் துகள் அதன் வழியே நுழையாது; கழன்ற இன்சுலின் நுழையலாம். துகளுக்கு வேறு வழி ஒன்று உண்டு. குடலில் ஆங்காங்கே எம் செல்கள் என்ற காவல்சாவடிகள் இருக்கின்றன. வழியில் போகும் நுண்ணுயிர்களை மாதிரிக்குப் பிடித்து உள்ளே நோய் எதிர்ப்புப் படையிடம் காட்டுவது அவற்றின் வேலை. சில துகள்கள் அந்த வழியே உள்ளே போகின்றன. ஆனால் மனிதக் குடலில் அச்செல்கள் மிகக் குறைவு.

இனி, எலியைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது கைவசம் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு. பல ஆய்வுகளில் எலிக்கு வாய்வழி கொடுத்தது, கிலோ உடல் எடைக்கு 50 யூனிட் அல்லது அதற்கும் மேல். அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள நம் பொதட்டூர்பேட்டை அம்மாவுக்குக் கொடுத்தால் ஒரு வேளைக்கு 3,000 யூனிட். நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லிக் குப்பியில் மில்லிக்கு 40 வீதம் 400 யூனிட்தான் இருக்கிறது. அதாவது ஏழரைக் குப்பியை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். ஊசியில் ஒரு குப்பி பலருக்கு வாரக் கணக்கில் வருவது. எலியில் வென்றது ஏன் கடைக்கு வரவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த ஏழரைதான்.

இது வெறும் ஊகம் இல்லை. டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் நானோ துகளை நாடாமல், குடல் சுவரைத் தளர்த்தும் ஒரு கொழுப்பு உப்போடு ஐ338 என்ற இன்சுலினை மாத்திரையாக்கியது. 50 நோயாளிகளிடம் எட்டு வாரம் நடந்த சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. தினசரி ஊசியான கிளார்ஜின் அளவுக்கே அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது! ஆனாலும் நிறுவனம் அதைக் கைவிட்டது. ஊசிக்குத் தேவைப்பட்டதைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல் இன்சுலின் தேவைப்பட்டது; அவ்வளவைத் தயாரிப்பது கட்டுபடியாகாது. உடலில் வென்று கணக்கில் தோற்ற மருந்து.

பெங்களூரு பயோகான் வேறு உத்தியைப் பிடித்தது. முழுத் துகளுக்குப் பதில், இன்சுலின் மூலக்கூறின் ஒரு முனையிலேயே குட்டிப் பலபடி வாலை ஒட்டிய ஐஎன்-105. கஞ்சியை நூல் முழுக்கப் பூசாமல் ஒரு புரியோடு முறுக்கிவிட்டதுபோல. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் அறிவுச் சொத்தை 2006இல் வாங்கி வளர்த்து, இந்தியாவிலேயே மூன்றாம் கட்டச் சோதனைவரை கொண்டுசென்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் போதிய அளவு இறங்கவில்லை என்று 2011 ஜனவரியில் அறிவித்தது. சோதனையில் சேர்ந்தாலே மனிதர் சாப்பாட்டில் ஒழுங்காகிவிடுகிறார். போலி மாத்திரைக்காரர்களுக்கும் சர்க்கரை இறங்கிவிடுகிறது. நீரிழிவு மருந்துகளைச் சோதிப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. 2023 ஜனவரியில் இஸ்ரேலின் ஓராமெட் நிறுவனத்தின் இன்சுலின் கேப்சூலும் இறுதிக் கட்டத்தில் தோற்றது.

இத்தனைக்கும் நடுவே, நீரிழிவுக்கான ஒரு புரதத்துண்டு மருந்து மாத்திரையாகக் கடைக்கு வந்தேவிட்டது: செமாக்ளூடைட். 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல், 2022 ஜனவரியில் இந்தியாவில் விற்பனை. அப்படியென்றால் இன்சுலினுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? செமாக்ளூடைடுக்கும் சென்றுசேர் விழுக்காடு ஒன்றுக்குள்தான். வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒன்றைக் காப்பாற்றத்தான். ஆனால் அது உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இன்று சற்றுக் கூட, நாளை சற்றுக் குறைய உள்ளே போனாலும் ஏரியில் பெய்த மழைபோல மொத்த மட்டம் பெரிதாக மாறாது. இன்சுலின் ஏரியல்ல, வாய்க்கால். வந்த அளவு அப்போதே தெரியும். இன்று ஒரு விழுக்காடும் நாளை மூன்று விழுக்காடும் போனால், நாளைக்குச் சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழுவார். கஞ்சியின் பதம் ஒருநாள்கூடத் தவறக்கூடாது என்றால், அது எவ்வளவு கடினம் என்று கஞ்சிக்காரருக்குத் தெரியும். அதுவும் குடல் என்ற தறி ஒருநாள் இட்லியோடும் ஒருநாள் பிரியாணியோடும் ஓடுவது.

பின் ஏன் இன்னும் விடாமல் முயல்கிறார்கள்? ஊசியின் வலி மட்டும் காரணமல்ல. இன்றைய ஊசிகள் கொசுக்கடிக்குக் கீழேதான். உண்மையான காரணம் கல்லீரல். கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. சுமார் பாதி அங்கேயே செலவாகிவிடுகிறது. சர்க்கரையைச் சேமிப்பதும் வெளிவிடுவதும் கல்லீரல் என்பதால் இது பொருத்தமான ஏற்பாடு. தோலுக்கடியில் போடும் ஊசி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது: உடம்பு முழுக்க இன்சுலின் சுற்றிய பிறகு கல்லீரலுக்கு மிச்சம். குடல் வழியே உறிஞ்சப்படும் இன்சுலினோ கணையம் போட்டு வைத்த அதே பாதையில் நேரே கல்லீரல் வாசலுக்குப் போகும். வாய்வழி இன்சுலின் ஊசிக்கு மாற்று மட்டுமல்ல. ஊசியைவிட இயற்கையானது என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

2024 ஜனவரியில் சிட்னி பல்கலைக்கழகமும் நார்வேயின் ஆர்க்டிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இந்தக் கல்லீரல் பாதையைக் குறிவைத்தது. வெள்ளி சல்ஃபைடால் ஆன மிக நுண்ணிய துகளில் இன்சுலினை ஏற்றி, மேலே கைட்டோசானும் குளுக்கோஸும் இணைந்த போர்வை போட்டார்கள். சர்க்கரையைப் பிளக்கும் நொதிகள் சுறுசுறுப்பாக இருக்கும்போது போர்வை கிழிந்து இன்சுலின் வெளியேறும், இல்லாதபோது அடங்கியிருக்கும். சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து இதனால் குறைந்தது. புழு, எலிகளுக்குப் பிறகு பபூன் குரங்குகளுக்கும் கொடுத்தார்கள், சர்க்கரை சேர்க்காத சாக்லெட்டில் வைத்து. மனிதருக்கு வந்து சேர இன்னும் பல கட்டங்கள் உண்டு. ஆனாலும் காப்பது ஒன்றே கஞ்சியின் வேலை என்ற பழைய எண்ணம் மாறி, எப்போது விட வேண்டும் என்பதையும் கஞ்சிக்கே கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான எலி ஆய்வுகளைவிட நம்பிக்கை தருவது இந்தத் திருப்பம்தான்.

விழுங்கும் இன்சுலின் மாத்திரை இன்றைக்கு இந்தியாவில் ஒப்புதல் பெற்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. யாராவது அப்படி ஒன்றை, மூலிகை என்றோ நானோ என்றோ சொல்லி விற்றால் வாங்க வேண்டாம். அதை நம்பி ஊசியை நிறுத்தவும் வேண்டாம். பிரிட்ஜ் கதவில் இருக்கும் குப்பி இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியசில். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது, எனவே ஃப்ரீசரில் வைக்காதீர்கள். திறந்த குப்பியைச் சுமார் நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.